ஒன்றரை யூனிட் ஜல்லியும் இருபத்துநாலு கல்வாழைக் கிழங்கும்

எங்கள் தெருவில் சாக்கடை கிடையாது. கோவில்பட்டிக்கு வெளியே பிளாட் போட்ட இடம். ரோடு வந்தது, கரண்ட் வந்தது, வாய்க்கால் மட்டும் வரவில்லை. கக்கூஸுக்கு செப்டிக் டேங்க் இருக்கிறது. அடுப்படி, குளியலறை, துணி துவைக்கிற கல் மூன்றின் தண்ணீரும் ஒரே பைப்பில் வெளியே வந்து, தெருவில் இறங்கி, பக்கத்து வீட்டு மதினி வாசலில் போய் நிற்கும். மதினி சத்தம் போடுகிற ஆள் இல்லை. கோலத்தை மட்டும் நாளுக்கு நாள் உள்ளே தள்ளித் தள்ளிப் போட்டுக்கொண்டு வந்தார். ஒரு நாள் கோலம் நடைப்படியிலேயே ஏறிவிட்டது. அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

எல்லோரும் செய்வதைத்தான் முதலில் நாங்களும் செய்தோம்: உறிஞ்சு குழி. நாலடிக்கு நாலடி, உள்ளே உடைந்த செங்கல். எங்கள் மண் கரிசல். கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும், மழைக்கு உப்பிக்கொள்ளும். உப்பிய கரிசல் தண்ணீரை உள்ளே விடாது. ஆவணியில் வெட்டிய குழி ஐப்பசியில் நிரம்பி நாற்றம் எடுத்தது.

உங்கள் மண் எப்படி என்று தெரிந்துகொள்ள ஓர் அடி ஆழத்துக்குக் குழி வெட்டி, முதல் நாள் தண்ணீர் ஊற்றி ஊறவிடுங்கள். மறுநாள் காலையில் மறுபடி நிரப்புங்கள். ஒன்றிரண்டு மணி நேரத்தில் இறங்கிவிட்டால், அழுக்குத் தண்ணீரைத் தெளியவைக்க நான் சொல்லப்போகிற ஜல்லிப் படுகையெல்லாம் உங்களுக்குத் தேவையில்லை. அடுப்படித் தண்ணீரில் வருகிற எண்ணெயை நிறுத்த ஒரு தொட்டி கட்டி, அதிலிருந்து நாலு வாழைக்குப் பைப்பைத் திருப்பிவிட்டாலே போதும், செலவு மிச்சம். காலையில் ஊற்றியது சாயங்காலமும் கண்ணாடி மாதிரி நின்றால் மேலே படியுங்கள். தண்ணீர்த் தட்டுப்பாடு உள்ள ஊர், ஒரு வாளியும் வீணாகக் கூடாது என்றாலும் படியுங்கள்.

படுகை என்றால் தண்ணீர் ஒழுகாத ஒரு நீளத் தொட்டி. அதில் முழுக்க ஜல்லி, ஜல்லியில் செடி. ஒரு முனையில் அழுக்குத் தண்ணீர் நுழைந்து, ஜல்லிக்குள்ளேயே நகர்ந்து, மறுமுனையில் தெளிந்து வருகிறது. மேலே பார்த்தால் காய்ந்த ஜல்லிதான் தெரியும், தண்ணீர் கண்ணில் படாது. சுத்தம் செய்வது செடி என்றுதான் நானும் நினைத்தேன். உண்மையில் முக்கால்வாசி வேலை ஜல்லியின்மேல் வழுவழுவென்று படிந்து வளர்கிற பாக்டீரியாவுடையது. ஆற்றில் கிடக்கிற கல்லைத் தொட்டால் வழுக்குமே, அதே சமாச்சாரம். சோப்பும் சோற்றுக் கழிவும் அவற்றுக்குச் சாப்பாடு. செடியின் வேர் ஜல்லிக்கு இடையே வழி திறந்து வைக்கிறது, கொஞ்சம் காற்றை உள்ளே கொண்டுபோகிறது, தழைச்சத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. இது புது வித்தையும் இல்லை. ஜெர்மனியில் கேத்தே சைடல் என்ற அம்மா 1950களிலேயே கோரையை வைத்து அழுக்குத் தண்ணீரைத் தெளியவைக்கிற சோதனைகளைத் தொடங்கிவிட்டார். நம் பக்கத்தில் பார்க்க வேண்டுமானால் ஆரோவில்லுக்குப் போங்கள். அங்கே பல குடியிருப்புகளில் இந்த மாதிரிப் படுகைகள் ஓடுகின்றன.

ஆகவே எந்தச் செடி வைப்பது என்று மண்டையைக் குடைந்துகொள்ள வேண்டாம். குடைய வேண்டியது இரண்டு முனைகளைப் பற்றி. உள்ளே நுழையும்முன் எண்ணெயும் கசடும் எங்கே நிற்கின்றன? வெளியேறுகிற இடத்தில் தண்ணீர் மட்டம் எவ்வளவு? 2019இல் நான் போட்ட முதல் படுகை இந்த இரண்டிலும் கோட்டைவிட்டு எட்டு மாதத்தில் செத்தது. 2020இல் போட்டது இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. கீழே சொல்வதெல்லாம் இரண்டாவதைப் பற்றி. முதலாவதை அங்கங்கே இழுப்பேன்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கக்கூஸ் தண்ணீரை இதில் சேர்க்காதீர்கள். அதையும் படுகையில் விட்டுச் சுத்தம் செய்கிற முறை உண்டு, ஆரோவில்லிலும் செய்கிறார்கள். ஆனால் அது பொறியாளர் கணக்குப் போட்டுச் செய்கிற வேலை. நோய்க்கிருமி சம்பந்தப்பட்டது. நான் சொல்வது குளித்த, துவைத்த, பாத்திரம் கழுவிய தண்ணீருக்கு மட்டும்.

அளவு எடுப்பது

ஆளுக்கு இத்தனை லிட்டர் என்று பொதுவாக ஒரு கணக்குச் சொல்வார்கள். அதை நம்பி வெட்டாதீர்கள், உங்கள் வீட்டை நீங்களே அளந்து பாருங்கள். வெளிப் பைப்பின் வாயில் 20 லிட்டர் பெயிண்ட் வாளியை வைத்து, நிரம்ப நிரம்ப எடுத்துக் கொட்டி, சுவரில் கரியால் கோடு போட்டேன். ஒரு நாள் முழுக்க ஒருத்தர் அதற்கே காவல். சாதாரண நாளில் 19 கோடு, அதாவது 380 லிட்டர். துணி துவைக்கிற நாளில் 27 கோடு, 540 லிட்டர். வீட்டில் நாங்கள் நாலு பேர். நான் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன் என்பதால் வாடிக்கையாளர் துணியையும் சில சமயம் நனைத்துப் பார்ப்பேன். கூடுதல் தண்ணீர் அதனால்.

இந்தத் தண்ணீர் ஜல்லிக்குள் சுமார் மூன்று நாள் தங்க வேண்டும். அப்படியென்றால் ஜல்லிக்கு இடையில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று தெரிய வேண்டும். அதே வாளியில் ஜல்லியைத் தலைதட்டி நிரப்பி, ஒரு லிட்டர் செம்பால் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். எட்டுச் செம்பு பிடித்தது. இருபதில் எட்டு, நூற்றுக்கு 40 பங்கு காலியிடம்.

நான் வைத்த அளவு 15 அடி நீளம், 5 அடி அகலம், ஜல்லி ஆழம் 2 அடி. தண்ணீர் மட்டம் ஜல்லியின் தலையிலிருந்து 3 இன்ச் கீழே நிற்கும். அப்படியானால் தண்ணீர் நிற்கிற இடம் 131 கன அடி. ஒரு கன அடிக்கு 28 லிட்டர் சொச்சம் என்று பெருக்கி, அதில் 40 பங்கு எடுத்தால் ஏறக்குறைய 1,480 லிட்டர். 380ஆல் வகுத்தால் நாலு நாளுக்குக் கொஞ்சம் குறைவு, துவைக்கிற நாளில் ரெண்டே முக்கால் நாள். வேர் வளர்ந்து இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் சரியாக வருகிறது. ஆளுக்கு இத்தனை சதுர அடி என்று எளிதாகக் கேட்டால் 16 முதல் 20 வரை வைத்துக்கொள்ளுங்கள். அகலத்தைக் குறைத்து நீளத்தைக் கூட்டலாமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். கூடாது. நுழைவாய் ஒடுங்கினால் அழுக்கெல்லாம் அந்தக் கொஞ்ச இடத்தில் குவிந்து சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

அடுத்தது வாட்டம். வீட்டுப் பைப்பு, எண்ணெய்த் தொட்டி, கசடுத் தொட்டி, படுகை, தெளிந்த தண்ணீர் விழுகிற கடைசி டிரம் ஒவ்வொன்றும் முந்தியதைவிடத் தாழ இருக்க வேண்டும். எங்கள் வீட்டு அடித்தளம் தரையிலிருந்து 3 அடி உயரம் என்பதால் மோட்டார் இல்லாமலே இறங்கிவிட்டது. வேலை தொடங்குமுன் தண்ணீர் நிரப்பிய டியூபால் மட்டம் பிடித்துச் சுவரில் குறித்துக்கொள்ளுங்கள். கண்ணால் பார்த்துச் சரியாக இருக்கிறது என்று சொல்கிற கொத்தனாரை நம்பாதீர்கள், எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

எண்ணெய்த் தொட்டி

இந்தப் பகுதியை இரண்டு தடவை படியுங்கள் என்பேன். முதல் படுகையில் எண்ணெய்த் தொட்டியே இல்லை. ஒரு வலைச் சல்லடை இருந்தது, அவ்வளவுதான். எட்டாம் மாதம் நுழைவாயில் ஜல்லியைத் தோண்டினால், நல்லெண்ணெய்ச் சட்டியின் அடியில் ஒட்டியிருக்கிற மாதிரி சாம்பல் நிறத்தில் பசை. கல்லும் கல்லும் ஒட்டிக்கொண்டு கட்டியாக வந்தன.

அடுப்படித் தண்ணீர் மட்டும் முதலில் இதற்கு வர வேண்டும். குளியல் தண்ணீரை இதில் கலக்காதீர்கள். அது வேகமாக வந்து விழுந்து மிதக்கிற எண்ணெயைக் கலக்கிவிடும். உள்ளளவு ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, 2 அடி ஆழம். செங்கல் கட்டி உள்ளே வழவழப்பாகப் பூச வேண்டும். வெளியேறும் இடத்தில் T எழுத்து மாதிரி இருக்கிற ஒரு டீ பைப்பு வைத்து, அதன் கீழ்க் காலை ஓர் அடி தண்ணீருக்குள் இறக்கிவிடுங்கள். எண்ணெய் மேலே மிதக்கும், சோற்றுப் பருக்கை அடியில் நிற்கும், நடுவில் இருக்கிற தண்ணீர் மட்டும் டீயின் கால் வழியாக ஏறி வெளியே போகும். டீயின் மேல்வாயைத் திறந்தே விடுங்கள், குச்சி விட்டுக் குத்த உதவும். சுடுதண்ணீரை அப்படியே இதில் ஊற்றினால் படிந்த எண்ணெய் உருகித் தப்பிவிடும். ஆறவிட்டு ஊற்ற வேண்டும்.

தொட்டியை எங்கே கட்டுவது என்பதில்தான் எங்கள் வீட்டில் பெரிய விவாதம். நாறும், கொல்லைக் கடைசியில் கட்டுவோம் என்றார் கொத்தனார் அண்ணாச்சி. நான் அடுப்படிப் பின்வாசல் படிக்குப் பக்கத்தில்தான் வேண்டும் என்று நின்றேன். கண்ணில் படுகிற இடத்தில் இருந்தால்தான் சனிக்கிழமை தோறும் மூடியைத் திறந்து, பழைய கரண்டியால் ஆடையை வழித்து எடுப்போம். கொல்லையில் இருந்தால் தீபாவளிக்குத்தான் திறப்போம். வழித்தெடுத்ததைச் சாம்பலில் பிசைந்து குப்பைக் குழியில் போட்டு மண்ணால் மூடுகிறேன்.

தொட்டி இருக்கிறதே என்று எல்லாவற்றையும் ஊற்றிவிடக் கூடாது. பணியாரச் சட்டியையும் குழம்புச் சட்டியையும் கழுவுமுன் பழைய காகிதத்தால் ஒரு துடை. சோறு வடித்த கஞ்சி ஒரு சொட்டும் பைப்பில் போகக் கூடாது. பார்க்க வெறும் தண்ணீர் மாதிரி இருக்கும், ஆனால் படுகைக்கு அதைப்போல் பாரம் வேறில்லை. எங்கள் கஞ்சியும் கழனித்தண்ணீரும் எதிர்த்த வீட்டு மாட்டுக்குப் போகின்றன. கக்கூஸ் கழுவுகிற ஆசிடும் பிளீச்சிங் பவுடரும் ஆகவே ஆகாது. ஜல்லியில் குடியிருக்கிற பாக்டீரியாவைக் கொன்றுவிடும்.

எண்ணெய்த் தொட்டியிலிருந்து வருகிற தண்ணீரும் குளியல், துணித் தண்ணீரும் அடுத்துச் சேருகிற இடம் கசடுத் தொட்டி. ஒரு நாள் தண்ணீர் பிடிக்க வேண்டும். நான் மாடியில் வெடித்துப்போய்க் கிடந்த 500 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியை ஒட்டவைத்துப் புதைத்தேன். காலியாக இருக்கும்போது கரிசல் மண் நெருக்கி நசுக்கிவிடும், ஆகவே சுற்றிலும் அரை அடிக்கு எம்-சாண்ட் கொட்டி, உள்ளே தண்ணீர் நிரப்பிக்கொண்டே மூட வேண்டும். இதிலும் நுழைவாயிலும் வெளிவாயிலும் டீ. துணித் தண்ணீர் வருகிற பைப்பில் பழைய நைலான் காலுறையைக் கட்டியிருக்கிறேன். தையல்காரி வீட்டுத் தண்ணீரில் எவ்வளவு நூல் வரும் என்று அது நிறைந்து தொங்கும்போதுதான் தெரிந்தது. மூடி இறுக்கமாக இருக்கட்டும். வருடத்துக்கு ஒரு தடவை அடிக்கசடை எடுக்க வேண்டும். நீளக் கம்பில் கட்டிய வாளியால் வெளியே நின்றபடியே எடுங்கள். யாரையும் உள்ளே இறக்காதீர்கள், தலையை உள்ளே விட்டு எட்டிப் பார்க்கவும் வேண்டாம். சின்னத் தொட்டிதானே என்றால் விஷவாயுவுக்கு அது தெரியாது.

படுகை

முதல் தடவை செங்கல் கட்டி சிமெண்ட் பூசினோம். பங்குனியில் கரிசல் வெடித்தது, தொட்டியும் கூடவே வெடித்தது. நுழைகிற தண்ணீரில் பாதி விரிசலில் போய், கடைசி 5 அடிக்குத் தண்ணீரே எட்டவில்லை. அந்தப் பக்கச் செடியெல்லாம் காய்ந்து நின்றது. வெயிலில் வாடுகிறது என்று நினைத்து மேலே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன் என்பதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

கரிசலில் கட்டடம் வேண்டாம், விரிப்பு போதும். பண்ணைக்குட்டைக்கு விரிக்கிற 500 மைக்ரான் பிளாஸ்டிக் ஷீட் வாங்குங்கள். 15க்கு 5, ஆழம் 2 அடிக்கு, கரையில் மடித்துப் புதைக்க ஒன்றரை அடி விட்டால் 22 அடிக்கு 12 அடி வரும். ஒட்டு இல்லாத ஒரே ஷீட்டாகக் கேளுங்கள். குழியை மாசி மாதம் வெட்டுவது நல்லது. மண் ஈரம் போய்ச் சுவர் நிற்கும், பெரிய வெடிப்பும் விழுந்திருக்காது. வீட்டு அஸ்திவாரத்திலிருந்து 10 அடியாவது தள்ளி இருக்கட்டும்.

குழியின் அடித்தளம் நுழைவாயிலிருந்து வெளிவாய்க்கு 15 அடிக்கு ஒன்றரை இன்ச் வாட்டம். கூர்க்கல், வேர், கண்ணாடித் துண்டு எல்லாவற்றையும் கையால் தடவித் தடவிப் பொறுக்கிவிட்டு 2 இன்ச் மணல் போடுங்கள். நான் அரிசிச் சாக்குகளைப் பிரித்துத் தைத்து இரண்டு பெரிய விரிப்புகள் செய்தேன். ஒன்று ஷீட்டுக்குக் கீழே, ஒன்று மேலே. உடைத்த கருங்கல் ஜல்லியின் முனை கத்தி மாதிரி இருக்கும், மேல் சாக்கு இல்லாமல் கொட்டினால் ஷீட்டு தாங்காது. ஷீட்டை விரித்ததும் ஜல்லி போடுமுன் தண்ணீர் நிரப்பி, மட்டத்தில் கோடு போட்டு இரண்டு ராத்திரி விடுங்கள். கோடு இறங்கினால் ஓட்டையைத் தேட அதுதான் கடைசி வாய்ப்பு. (வெயிலில் கால் இன்ச் வற்றுவதைக் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள்.)

ஜல்லி ஒன்றரை யூனிட். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. நடுப்பகுதிக்கு 120 கன அடி அரை இன்ச் ஜல்லி, இரண்டு முனையிலும் ஒன்றரை அடி நீளத்துக்கு ஒன்றரை இன்ச் ஜல்லி, அது 30 கன அடி. இரண்டு முனையிலும் பெருங்கல் ஏன் என்றால் தண்ணீர் அகலம் முழுக்கப் பரவி நுழையவும் பரவி வெளியேறவும்தான்.

கழுவாத ஜல்லியைப் போடவே போடாதீர்கள். என் முதல் படுகை செத்ததில் எண்ணெய்க்கு அடுத்த குற்றவாளி கிரஷர் தூள்தான். ஒரு சட்டி ஜல்லியைத் தண்ணீரில் அலசிப் பாருங்கள், சிமெண்ட் கரைத்த மாதிரி வரும். அவ்வளவும் அடியில் இறங்கி, களிமண் போல இறுகி உட்காரும். இருக்கிற தண்ணீரில் ஒன்றரை யூனிட்டை எப்படிக் கழுவுவது? இரண்டு டிரம் வைத்துக்கொண்டோம். இரும்புச் சல்லடையில் ஜல்லியைப் போட்டு முதல் டிரம் தண்ணீரில் அலசல், இரண்டாவதில் ஒரு முக்கு. ராத்திரி தூள் அடியில் படிந்ததும் காலையில் மேல் தண்ணீரையே மறுபடி எடுத்துக்கொண்டோம். மூன்று சாயங்காலம் ஆனது. அத்தைக்கு 71 வயது, ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சல்லடையை ஆட்டினார்.

நுழைகிற பைப்பை அகலத்துக்குக் குறுக்கே, பெருங்கல்லின் மேல்பகுதியில் கிடத்துங்கள். அரை அடிக்கு ஒன்றாகத் துளை போட்டு, இரண்டு நுனியிலும் மூடி. மூடியை சால்வெண்ட் போட்டு ஒட்டாமல் சும்மா மாட்டுங்கள், கழற்றிக் குச்சி விட வேண்டிவரும். படுகையின் ஜல்லித் தலை ரசமட்டம் பிடித்தது போல் சமமாக இருக்க வேண்டும். வாட்டம் அடியில் மட்டும்தான். கரையைத் தரையைவிட அரை அடி உயர்த்திக் கட்டுங்கள். இல்லையென்றால் ஐப்பசி மழையில் ஓடி வருகிற கரிசல் சேறு நேரே ஜல்லிக்குள் இறங்கிவிடும்.

மட்டம் பிடிக்கிற முழங்கை

வெளிவாயில் துளையிட்ட பைப்பு அடியில், குறுக்கே கிடக்கிறது. அது ஷீட்டைத் துளைத்து வெளியே வருகிற ஒரே இடத்தில் டேங்க் நிப்பிள் போட்டு, உள்ளும் புறமும் ரப்பர் வாஷர் வைத்து முறுக்கினோம். ஷீட்டுத் துளையை நிப்பிளைவிடக் கொஞ்சம் சிறிதாகவே வெட்டி, இழுத்து மாட்ட வேண்டும். பெரிதாக வெட்டிவிட்டால் அந்த ஒழுகல் நிற்கவே நிற்காது.

ஷீட்டுக்கு வெளியே இரண்டடிச் சதுரத்தில் ஒரு சின்னக் குழி. அதற்குள் பைப்பு வந்து, முழங்கை மாதிரி வளைந்த ஓர் எல்போவில் திரும்பி, மேலே ஏறுகிற ஒரு குட்டைப் பைப்பாக நிற்கிறது. அந்தக் குட்டைப் பைப்பின் வாய் எந்த உயரத்தில் இருக்கிறதோ அதுதான் படுகைக்குள் தண்ணீர் மட்டம். இந்த எல்போவுக்கு சால்வெண்ட் போடக் கூடாது. கொஞ்சம் கிரீஸ் தடவிச் சொருகி, கையால் திருப்பும்படி விட வேண்டும். நேராக நிறுத்தினால் மட்டம் ஏறும், பக்கவாட்டில் சாய்த்தால் இறங்கும். அண்ணாச்சி பழக்கதோஷத்தில் முதல் படுகையில் சால்வெண்ட் போட்டு ஒட்டிவிட்டார். தொட்டி வெடிக்கும்வரை மட்டம் ஜல்லித் தலைக்கு மேலேயே நின்றுபோனது, மேலே பச்சைப்பாசி, கொசு. இரண்டாவதில் அவர் கையிலிருந்த சால்வெண்ட் டப்பாவை வாங்கி நானே அடுப்படியில் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

செடி வைத்த முதல் மாதம் எல்போ நேராக, மட்டம் ஜல்லித் தலையை ஒட்டி. இளம் வேருக்குத் தண்ணீர் எட்ட வேண்டும். வேர் பிடித்ததும் வாரத்துக்கு ஒரு விரற்கடை சாய்த்து 3 இன்ச் கீழே கொண்டுவந்து நிறுத்துங்கள். தண்ணீரைத் தேடி வேர் ஆழத்துக்குப் போகும். வெளியூர் போகும்போது மறுபடி நேராக்கிவிட்டுப் போகிறேன், பத்து நாள் தாங்குகிறது.

டெங்குக் கொசுப்புழு பார்க்க டார்ச் லைட்டோடு வருகிறவர்கள் ஒரு தடவை படுகையைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். ஜல்லியைக் கிளறிப் பார்த்தார்கள், தண்ணீர் வெளியில் தெரியாத இடத்தில் கொசு முட்டையிட வழியில்லை. புழு கிடைத்தது நான் மூடி போடாமல் விட்டிருந்த கடைசி டிரம்மில். தலைகுனிந்து கேட்டுக்கொண்டேன்.

செடி

கல்வாழைதான் வைத்தேன். கேட்ட வீட்டில் கிழங்கு சும்மா கிடைக்கும், சாக்கடை ஓரத்தில்கூடத் தானாக வளரும், பூ சிவப்பும் மஞ்சளுமாக வரும். பெருங்கல் பகுதியை விட்டு மீதி 12 அடியில் ஒன்றரை அடிக்கு ஒன்றாக எட்டு வரிசை, வரிசைக்கு மூன்று, மொத்தம் 24 கிழங்கு. ஜல்லியைக் கையால் விலக்கி, ஒரு சாண் ஆழத்தில் கிழங்கை வைத்து மூடினால் போதும், மண் போடக் கூடாது. வெட்டிவேரும் நன்றாக வரும். சேம்பு வரும், ஆனால் அந்தக் கிழங்கைச் சமைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. சம்பு வேண்டாம் என்பேன், வைத்த இரண்டாம் வருடம் மற்றதையெல்லாம் துரத்திவிட்டுத் தானே ஆளும். நாணலின் வேர்க்கிழங்கு கூர்மையானது, ஷீட்டைக் குத்தும். மூங்கில், தென்னை பக்கத்திலேயே வரக் கூடாது.

முதல் வாரம் நல்ல தண்ணீர், இரண்டாம் வாரம் பாதிக்குப் பாதி, அப்புறம் முழுதாக. இலை மஞ்சளடித்து நிற்கும், பதறாதீர்கள், புதுக் குருத்து வரும். தண்ணீர் தெளிவாக வர இரண்டு மூன்று மாதம் ஆகும். ஜல்லியில் பாக்டீரியா குடியேறுகிற காலம் அது. எங்களுக்கு முதல் மாதம் வந்தது கலங்கலாக, லேசான முட்டை நாற்றத்தோடு. மூன்றாம் மாதம் கண்ணாடி டம்ளரில் பிடித்தபோது பிளாக் டீயை நிறைய நீர் ஊற்றி நீர்த்தது மாதிரி ஒரு மங்கல் நிறம், வாசனை மழைக்குப் பின் மண் வாசனை. இன்றைக்கும் அப்படித்தான்.

பூத்து முடிந்த தண்டை அடியோடு வெட்டி வெளியே எடுத்துவிடுங்கள். காய்ந்த இலை ஜல்லிமேல் மட்கினால் அதுவே அடைக்கும்.

வருகிற தண்ணீர்

தரையில் பாதி புதைத்த 200 லிட்டர் டிரம்மில் விழுகிறது. இப்போது மூடி போட்ட டிரம். அதில் நிறைவதை அவ்வப்போது மோந்து ஊற்றி, சாயங்காலத்துக்குள் காலி செய்துவிடுகிறோம். மிச்சம் வழிந்தால் வாழைப் பாத்திக்குப் போக ஒரு பைப்பு இருக்கிறது. மறுநாளுக்குச் சேர்த்து வைத்தால் மறுபடி நாறும். மழைக்காலத்தில் 19 வாளி உள்ளே போனால் 19க்கு மேலேயே வருகிறது. சித்திரை வைகாசியில் 15, 16தான். மீதியைக் கல்வாழை குடித்து வெயிலுக்குக் கொடுத்துவிடுகிறது.

வாழை, தென்னை, முருங்கை, செம்பருத்தி, மல்லிகைக்கு ஊற்றலாம். தூரில் ஊற்ற வேண்டும், இலையில் தெளிக்கக் கூடாது. கீரை, கொத்தமல்லி, வெங்காயம், பச்சையாகத் தின்கிற எதற்கும் வேண்டாம். தெளிந்திருக்கிறது என்பதால் கிருமி இல்லை என்று அர்த்தமில்லை. குழந்தைகள் விளையாட எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் இந்தப் படுகை எடுக்காது, அது உப்பு. சோப்பில் இருக்கிற சோடியம் நுழைந்தபடியே வெளியே வருகிறது, கோடையில் தண்ணீர் வற்றுவதால் இன்னும் கெட்டியாகவே வருகிறது. கரிசலில் சோடியம் ஏறினால் மேல்மண் ஓடு கட்டி, தண்ணீர் இறங்காமல் போகும். இரண்டாம் வருடம் என் வாழைத் தூரில் வெள்ளைப் படலம் பூத்தது. அப்புறம் துணி சோடாவை நிறுத்தினேன், பவுடரைப் பாதியாக்கினேன். ஒரே மரத்துக்கு ஊற்றாமல் வாரத்துக்கு ஓர் இடமாக மாற்றுகிறேன். ஐப்பசி கார்த்திகையில் மாடி மழைத் தண்ணீரைத் தூருக்குத் திருப்பி உப்பைக் கழுவிவிடுகிறேன். மழைக்கு முன் தூருக்கு ஒரு கிலோ ஜிப்சம் போட்டுக் கிளறிவிடுவதும் உண்டு. படலம் போய்விட்டது.

நுழைவாயில் ஜல்லித் தலையில் தண்ணீர் தேங்கிக் கறுத்து நின்றால் அடைப்பு ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். ஒரு வாரம் தண்ணீரை வேறு பக்கம் திருப்பிக் காயவிடுங்கள், பாதி அடைப்பு அதிலேயே போகும். போகாவிட்டால் முனைப் பெருங்கல்லை மட்டும் தோண்டி, கழுவி, திரும்பப் போடுங்கள். எனக்கு 2024 தையில் ஒரு தடவை செய்ய வேண்டி வந்தது. இரண்டு பேர், அரை நாள். நடு ஜல்லியைத் தொடவே இல்லை.

2020இல் ஷீட்டு, ஜல்லி, பைப்பு, குழி வெட்டிய கூலி எல்லாம் சேர்த்து 21,000 ரூபாய்ச் சொச்சம் ஆனது. முதல் படுகைக்கு அழுததை இதில் சேர்க்கவில்லை.

மதினி வாசல் காய்ந்து நாலு வருடத்துக்கு மேல் ஆகிறது. இந்த மாசியில் அவர் வீட்டிலும் குழி வெட்டப்போகிறார்கள், கிழங்கு நான் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். அதே கொத்தனார் அண்ணாச்சிதான். எண்ணெய்த் தொட்டியைக் கொல்லைக் கடைசியில் கட்டலாம் என்று அங்கேயும் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். நாளைக் காலையில் போய்ப் பேச வேண்டும்.